மேயரின் அங்கியும் அதிகாரமும்

சென்னை சென்ட்ரல் நிலையத்தை விட்டு வெளியே வருவோர் எவரும் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வெண்ணிறமாய் நிமிர்ந்து நிற்கும் ஒரு மாளிகையைக் காணாமற் போக இயலாது. அதுவே ரிப்பன் மாளிகை. 1913-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்த மாளிகையில்தான் மாநகராட்சி மாமன்றம் கூடுகின்றது. மேயர் தலைமை வகிக்கின்றார். மேயர் பதவியேற்கும் நாள் ஒரு திருநாள் போன்றது. செந்நிற அங்கி, கழுத்தில் பொன் மாலை, கையில் வெள்ளிச் செங்கோல் என்று முடிசூட்டு விழாவின் சாயல் அதில் இருக்கும். இக்கோலத்தைப் படத்தில் கண்ட மாணவர் ஒருவர் ஒருமுறை என்னிடம், "ஐயா, அரசர்போல் செங்கோல் ஏந்தியிருக்கும் இவரால் எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வரும்படி உத்தரவிட முடியுமா?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்ட கேள்விதான். ஆயினும் 'முடியும்' என்றோ 'முடியாது' என்றோ ஒரு சொல்லில் விடையிறுக்க என்னால் இயலவில்லை. அம்மாணவருக்கு அன்று சொல்லத் தொடங்கிய விடையையே இன்று சற்று விரிவாகச் சொல்ல முற்படுகின்றேன்.

மேயர் என்னும் சொல் 'பெரியவர்' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் நகர வணிகர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்து, மன்னரிடம் சாசனம் பெற்று, தங்கள் நகரைத் தாங்களே ஆண்டுவந்தனர். அந்தப் பதவி கடல் கடந்து சென்னப்பட்டணத்திற்கு வந்தது 1688-ஆம் ஆண்டில். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இங்கிலாந்தில் மேயர் பதவியை நகரத்தார் கேட்டுப் பெற்றனர். சென்னையில் நகரத்தார் கேட்கவே இல்லை. கேட்காத ஊருக்கு மேயர் ஏன் வந்தார்?

விடை, வரியில் இருக்கின்றது. அக்காலத்தில் புனித ஜார்ஜ் கோட்டையில் வெள்ளையர் வாழ்ந்தனர். கோட்டைக்கு வடக்கே, இன்று உயர்நீதிமன்றம் நிற்கின்றதே, அந்த இடத்தில் நம்மவர் வாழ்ந்தனர். அதனைக் கறுப்பர் நகரம் என்றழைத்தனர். நகரின் அரணுக்கும் காவலுக்கும் ஆகும் செலவை நகரத்தாரே ஏற்கவேண்டும் என்பது கிழக்கிந்தியக் கும்பினியாரின் கொள்கை. அதற்கென 1686-இல் வீட்டுவரி விதிக்க முனைந்தபோது ஊர் பொங்கி எழுந்தது. மக்கள் வேலைக்குச் செல்லவில்லை. நகருக்குள் உணவுப் பொருள்கள் வரும் வழி மறிக்கப்பட்டது. சாதித் தலைவர்களின் வீடுகளை இடித்துவிடுவோம் என்று கவர்னர் மிரட்டிய பின்னரே கிளர்ச்சி அடங்கிற்று. அடங்கிற்றேயன்றி, வரி இனித்துவிடவில்லை.

இச்செய்தியை இலண்டனில் இருந்து கவனித்தவர் சர் ஜோசையா சைல்டு. கும்பினியின் தலைமையை வகித்த பெருவணிகர், கணக்கில் கெட்டிக்காரர். அவர் கருத்தின் சாரம் இது: நாம் அதிகாரத்தால் ஆறு பென்சு விதித்தால் மக்கள் மனம் கசந்து கொடுப்பர், தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்டால் பொதுநன்மைக்கு ஐந்து ஷில்லிங்கும் உவந்து கொடுப்பர். ஒரு ஷில்லிங்கிற்குப் பன்னிரண்டு பென்சு. ஆகவே, சம்மதத்தின் விலை பத்து மடங்கு என்று அவ்வணிகர் கணக்கிட்டார்! மக்களாட்சிக்கு ஆதரவாக எத்தனையோ உயர்ந்த வாதங்கள் உண்டு. இவ்வளவு பச்சையான வணிக வாதத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சாசனம் வழங்கும்போது ஒரு கேள்வி எழுந்தது. அரசரின் பெருமுத்திரையால் வழங்குவதா, கும்பினியின் முத்திரையால் வழங்குவதா? மன்னர் இரண்டாம் ஜேம்ஸின் முன்னிலையிலேயே இது பேசப்பட்டது. கும்பினியார் தங்கள் முத்திரையே போதும் என்றனர். காரணம் வெளிப்படை. அரசரிடம் நேரே அதிகாரம் பெற்ற மேயர், நாளை கவர்னரை எதிர்த்து நிற்கக்கூடும். கும்பினி கொடுத்த அதிகாரமானால் கும்பினிக்கு அடங்கியே நிற்கும். 1687 டிசம்பர் 30-ஆம் நாளிட்டு, கும்பினியின் பெயராலேயே சாசனம் பிறந்தது. மேயர் பதவியின் எல்லையை வகுத்த முதற்கோடு இதுவே. கொடுத்தவர் கைக்குள் கொடுக்கப்பட்டது நிற்க வேண்டும் என்னும் அந்த எண்ணம், பின்னர் கொடுத்தவர்கள் மாறியபோதும் மாறவில்லை.

1688 செப்டம்பர் 29-ஆம் நாள் நகரசபை தொடங்கப்பெற்றது. ஒரு மேயர், ஆல்டர்மென் எனப்பட்ட மூத்த உறுப்பினர் பன்னிருவர், அவர்களுக்குக் கீழ் பர்ஜெஸ் எனப்பட்ட நகரப் பெருமக்கள் அறுபதின்மருக்கு மேற்பட்டோர் என்பது சாசனம் வகுத்த அமைப்பு. மேயரும் ஆல்டர்மென்களுள் மூவரும் கும்பினியின் ஆங்கிலேய ஊழியராக இருக்கவேண்டும்; ஏனையோர் எந்த இனத்தவராகவும் இருக்கலாம். அவ்வாறே ஆங்கிலேயருடன் பிரெஞ்சு, போர்த்துகீசிய, யூத வணிகரும் நம் நாட்டு வணிகரும் அந்தச் சபையில் ஒன்றாக அமர்ந்தனர். 17-ஆம் நூற்றாண்டுக்கு இது வியப்பான காட்சியே. ஆனால், அன்பினால் விளைந்த சமத்துவம் என்று இதனை எண்ணிவிடக் கூடாது. எவரெவரிடம் வரி தண்ட வேண்டுமோ அவரவரின் தலைவர்கள் சபையில் இருக்கவேண்டும் என்பதே நோக்கம்.

முதல் மேயர் நதானியேல் ஹிக்கின்சன். அப்போது கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். இருவருமே அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தவர்கள். ஹிக்கின்சன் ஹார்வர்டில் பயின்றவர். யேலின் பெயரையோ அந்நாட்டின் மற்றொரு புகழ்பெற்ற பல்கலைக்கழகம் இன்றும் தாங்கி நிற்கின்றது.

கோலத்திற்குச் சாசனத்தில் குறைவில்லை. மேயருக்கும் ஆல்டர்மென்களுக்கும் செந்நிற அங்கி; பர்ஜெஸ்களுக்கு வெண்ணிறச் சீனப்பட்டு; முன்னே ஏந்திச் செல்ல வெள்ளித் தடிகள். இலண்டன் மேயரைப்போல் அழகிய சேணம் பூட்டிய குதிரைமீது ஊர்வலம் போகலாம். தலைக்குமேல் குடை பிடித்துக்கொள்ளவும் அனுமதி! சென்னை வெயிலில் குடை பிடிப்பதற்கும் சாசனம் வேண்டுமா என்று மாணவர்கள் நகைக்கலாம். அக்காலத்தில் ஆள் வைத்துக் குடை பிடிக்கச் செய்வது பெருமைக்குரிய அடையாளம். எவர் பிடிக்கலாம், எவர் பிடிக்கக் கூடாது என்பதைக் கும்பினியே வரையறுத்திருந்தது.

கோலம் இருக்க, அதிகாரம் என்ன? இரண்டு அதிகாரங்களைச் சாசனம் வழங்கிற்று. ஒன்று, வரி விதித்தல். அந்த வரியைக் கொண்டு நகர மண்டபமும் சிறையும் கட்டலாம். நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கணக்கும் கற்பிக்கப் பள்ளி நிறுவலாம். மற்றொன்று, நீதி வழங்குதல். மேயரும் ஆல்டர்மென்களும் கூடி உரிமையியல், குற்றவியல் வழக்குகளை விசாரிக்கலாம். மூன்று வராகனுக்கு மேற்பட்ட வழக்குகளுக்கும், உயிரையோ உறுப்பையோ இழக்கும்படி விதித்த தண்டனைகளுக்கும் மேல்முறையீடு உண்டு.

இவ்விரண்டனுள் முதலதிகாரம் முளைக்கும்போதே கருகிற்று. சைல்டின் கணக்கு இலண்டனில் சரியாக இருந்தது, சென்னையில் பொய்த்தது. மேயர் கேட்டாலும் கவர்னர் கேட்டாலும் வரி வரியே என்று கறுப்பர் நகரத்தார் கருதினர். அவர்களைக் குறை கூறுதற்கில்லை. சபையில் அமர்ந்த நம்மவர் நகரத்தார் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்கள் அல்லர். சாசனத்தில் பெயர் குறித்து அமர்த்தப்பெற்றவர்கள். தாங்கள் அனுப்பாதவர் அளித்த சம்மதம் தங்கள் சம்மதம் ஆகாது என்பதை அந்த வணிகரும் நெசவாளரும் எந்த அரசியல் நூலையும் படியாமலே உணர்ந்திருந்தனர். ஹிக்கின்சனும் சுமார் ஆறு மாதங்களிலேயே மேயர் பதவியை விட்டு விலகினார். 1692-இல் அவரே கவர்னர் ஆனார் என்பதைக் கொண்டு, இரு நாற்காலிகளுள் எதில் அதிகாரம் இருந்தது என்பதை அறியலாம்.

எஞ்சியது நீதிமன்றம். அது நிலைத்தது, வளர்ந்தது. 1726-இல் மன்னர் முதலாம் ஜார்ஜ் வழங்கிய சாசனத்தால் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று நகரங்களிலும் மேயர் நீதிமன்றங்கள் அமைந்தன. இம்முறை அதிகாரம் அரசரிடமிருந்தே வந்தது. ஆனால் ஒன்பது ஆல்டர்மென்களுள் எழுவர் பிரிட்டிஷ் குடிகளாக இருக்கவேண்டும் என்ற விதியும் உடன் வந்தது. அரசரின் பெயரால் நீதி வழங்குவோம் என்ற எண்ணம் மேயர்களுக்கு வந்ததும் கவர்னர்களோடு பிணக்கு தொடங்கிற்று. 1736-இல் இரு இந்து வணிகர்கள் கோயிற் சத்தியம் செய்யவேண்டும் என்று சென்னை மேயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. அவர்கள் மறுத்தனர், சிறையிலடைக்கப்பட்டனர். ஊரில் கலக்கம் உண்டாகவே கவர்னர் தலையிட்டு அவர்களை விடுவிக்கச் செய்தார். மேயரின் கட்டளையைக் கவர்னர் ஊரறியத் தளர்த்திய நாள் அது. 1753-இன் சாசனம் மேலும் இறுக்கிற்று: நகரசபை இரு பெயர்களைத் தேர்ந்து அனுப்பும், அவர்களுள் ஒருவரை மேயராகக் கவர்னரின் ஆலோசனைச் சபை தேர்ந்தெடுக்கும். 1798-இல் ரிக்கார்டர் நீதிமன்றமும், 1801-இல் உச்ச நீதிமன்றமும் வந்தபின் மேயர் என்ற பெயரே சென்னையில் மறைந்தது. நகரைத் துப்புரவாக்கவும் விளக்கேற்றவும் வந்திருக்கவேண்டிய பதவி, வழக்குத் தீர்ப்பதில் நூறாண்டு கழித்து மறைந்தது எனலாம்.

அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நகருக்கு மேயர் இல்லை. ஆனால் எது 1688-இல் இல்லாதிருந்ததோ அது மெல்ல முளைத்தது. 1867-இன் சட்டப்படி நகரசபை உறுப்பினர் முப்பத்திருவர். அனைவரும் நியமனம் பெற்றவர்களே. 1878-இல் அவர்களுள் பதினாறு பேரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுத்தனர்; 1884-இல் இருபத்துநால்வரை. தல சுயாட்சிக்கு வழிவகுத்து 1882-இல் தீர்மானம் வெளியிட்டவர் ரிப்பன் பிரபு. வெண்ணிற மாளிகை அவர் பெயரைத் தாங்குவது இதனாலேயே.

இங்கே சற்றுப் பம்பாயை நோக்குதல் வேண்டும். நம் சட்டத்தின் வேர் அங்கே இருக்கின்றது. 1865 முதல் அந்நகரின் ஆணையாளராக இருந்தவர் ஆர்தர் கிராபோர்டு. ஊக்கம் மிக்கவர், நகரைச் சீர்செய்தார், அவர் பெயரால் விளங்கிய பெருஞ்சந்தையும் அக்காலத்தில் எழுந்ததே. ஆனால் செலவு கைமீறிற்று. வரி செலுத்துவோர் கொதித்தெழுந்தனர். 1871-இல் எல்லாரும் கிராபோர்டைப் பழித்தபோது, பெரோஸ்ஷா மேத்தா என்ற இளம் வழக்கறிஞர் மட்டும் வேறு விதமாகப் பேசினார். பிழை ஒருவர் கையில் செயலதிகாரம் இருந்ததன்று. பணத்தைக் காத்துக் கணக்குக் கேட்க மக்கள் தேர்ந்த சபை இல்லாததே பிழை என்றார். பணம் சபையின் கட்டுப்பாட்டில். செயல் ஆணையாளர் கையில். இந்தப் பாகுபாடே 1888-இன் பம்பாய்ச் சட்டத்தில் வேரூன்றிற்று. 1919-இன் சென்னை நகராண்மைச் சட்டமும் அவ்வழியே சென்றது.

1919-இன் சட்டம் மூன்று அதிகார அமைப்புகளை எண்ணிற்று: மாமன்றம், நிலைக்குழுக்கள், ஆணையாளர். இப்பட்டியலில் சபைத் தலைவர் தனியே இடம்பெறவில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். வரியின் அளவைத் தீர்மானிப்பதும் வரவு செலவுத் திட்டத்தை ஏற்பதும் மாமன்றம். வரி தண்டுவது, சாலை அமைப்பது, ஊழியரை ஏவுவது ஆகியன ஆணையாளர் வேலை. அவரோ மாநில அரசு அமர்த்தும் அதிகாரி. அங்கி அணிந்தவர் கூட்டத்திற்குத் தலைமை வகிப்பார். வாக்குகள் இருபுறமும் சமமானால் அவர் வாக்கு முடிவு செய்யும். ஆவணங்கள் அனைத்தையும் பார்க்கும் உரிமை அவருக்கு உண்டு. அரசுக்கும் நகராண்மைக் கழகத்துக்கும் இடையே நடக்கும் கடிதப் போக்குவரத்து அவர் வழியாகவே செல்லவேண்டும். அறியும் உரிமை முழுமையாக இருந்தது. ஏவும் உரிமை மிகக் குறைவு.

அப்படியானால் இப்பதவி வெறும் அலங்காரந்தானா? அன்று. இச்சட்டத்தின்படி அமைந்த சபைக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்ற முதல் இந்தியர் சர் பிட்டி தியாகராயர். 1920 செப்டம்பரில் அவர் தலைமையில் கூடிய சபை, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த நகராண்மைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் சிற்றுண்டி அளிக்கத் தீர்மானித்தது. தலைக்கு ஒரு அணாவுக்கு மிகாமல் செலவு. பசியால் பள்ளிக்கு வாராத ஏழைச் சிறுவர் வரத் தொடங்கினர். மேலும் நான்கு பள்ளிகளுக்குத் திட்டம் பரவிற்று. பின்னர்த் தமிழகம் முழுவதும் ஓங்கி வளர்ந்த மதிய உணவுத் திட்டத்தின் தொடக்கங்களுள் இது ஒன்று. ஆனால் 1925-இல், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடக் கூடாது என்று அரசு தடை செய்தது. உணவு தேவையில்லை என்று எவரும் வாதிடவில்லை. எந்தப் பையிலிருந்து எடுப்பது என்பதில்தான் பிணக்கு. நகரசபையின் அதிகாரம் எதுவரை என்பதை அந்த ஒரு அணாவே நமக்குக் காட்டுகின்றது.

1933-இல் 'தலைவர்' என்ற பெயர் மீண்டும் 'மேயர்' ஆயிற்று. ராஜா சர் முத்தையா செட்டியார் முதல்வராக அப்பெயரைத் தாங்கினார். பதவிக்காலம் ஓராண்டே. ஓராண்டில் ஒரு மனிதர் என்ன செய்ய இயலும்? 1939-இன் இறுதியில் மேயரான தீரர் சத்தியமூர்த்தி இதற்கு விடை. அப்போது போர் மூண்டிருந்தது. காங்கிரஸ் அமைச்சரவை விலகிவிட்டது. கவர்னரின் நேரடி ஆட்சி நடந்தது. அந்த ஆட்சியை மேடைதோறும் எதிர்த்தவர் அவர். நகரமோ தண்ணீருக்குத் தவித்தது. சட்டம் அவருக்கு அணை கட்டும் அதிகாரம் தரவில்லை. ஆனால் நகரின் பெயரால் அரசிடம் பேசும் உரிமையைத் தந்திருந்தது. அதைக் கொண்டு விடாது வற்புறுத்தினார். கொற்றலையாற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் அமைக்க 1940-இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. 1944-இல் பணி முடிந்தது. 1943-இல் மறைந்துவிட்ட சத்தியமூர்த்தி அதனைக் காணவில்லை. நீர்த்தேக்கம் அவர் பெயரைப் பெற்றது. 1957-இல் தாரா செரியன் அம்மையார் சென்னையின் முதற் பெண் மேயரானார்.

இனி வருவது வருந்தத்தக்க பகுதி. 1973-இல், முறைகேட்டுப் புகார்களை அடுத்து, மாமன்றம் கலைக்கப்பட்டது. ஓராண்டு, ஈராண்டு அன்று. 1996 வரை இருபத்துமூன்று ஆண்டுகள் சென்னைக்கு மேயர் இல்லை. தேர்ந்தெடுத்த உறுப்பினரும் இல்லை. ஒரு தலைமுறை மாணவர்கள் மேயர் என்ற சொல்லைப் பாடநூலில் மட்டுமே படித்து வளர்ந்தனர். அந்த இடைவெளியில்தான், 1978-இன் சட்டப்படி, குடிநீரும் கழிவுநீரும் தனி வாரியத்திற்குச் சென்றன. நகரமைப்பும் வேறொரு குழுமத்தின் பொறுப்பாயிற்று. ஆள் இல்லாத வீட்டில் பண்டங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறியதுபோல் இது நடந்தது. வல்லுநர்களின் வாரியம் நன்றாகச் செய்யும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் அப்போது நகரின் பெயரால் 'ஆம்' என்றோ 'அன்று' என்றோ சொல்லத் தேர்ந்தெடுத்த சபை ஒன்று இல்லாதிருந்தது என்பதை நான் மறக்க இயலவில்லை. குழாயைப் பற்றிக் கேட்ட மாணவருக்குரிய விடையும் இதுவே: பூண்டிக்காக வாதாடிய மேயரின் வழித்தோன்றல்களுக்குக் குடிநீர் இப்போது நேரடிப் பொறுப்பன்று.

1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம், கலைக்கப்பட்ட நகரசபைக்கு ஆறு மாதங்களுக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று விதித்தது. 1996-இல் சென்னை மக்கள் முதன்முறையாக மேயரை நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்தனர், மு. க. ஸ்டாலின் அவ்வாறு மேயரானார். பதவிக்காலம் ஐந்தாண்டு ஆயிற்று. ஆனால் மேயரை மக்கள் தேர்வதா, மாமன்ற உறுப்பினர் தேர்வதா என்பதில் மட்டும் சட்டம் ஊசலாடிக்கொண்டே இருந்தது. 2006-இல் உறுப்பினர்கள் தேர்ந்தனர், 2011-இல் மக்கள், 2022-இல் மீண்டும் உறுப்பினர்கள். திருத்தம் வந்த பின்னரும் 2016 முதல் 2022 வரை நகரத்திற்குத் தேர்ந்தெடுத்த சபை இல்லை. நகரம் சுருங்கியிருந்ததோ என்றால் அதுவுமில்லை; 2011-இல்தான் அதன் பரப்பு 426 சதுர கிலோமீட்டராகவும் வட்டங்கள் இருநூறாகவும் விரிந்திருந்தன.

2022 மார்ச்சு 4-ஆம் நாள் ஆர். பிரியா மேயராகப் பதவியேற்றார். பட்டியல் சமூகத்திலிருந்து அப்பதவிக்கு வந்த முதற் பெண்மணி அவர். முதல் மேயர் ஹிக்கின்சன் அணிந்த அதே செந்நிறத்தில் அங்கி. கையில் வெள்ளிச் செங்கோல். அடுத்த மாதமே புதிய மாமன்றத்தின் முன் வந்து நின்றது பழைய பொருள்: சொத்துவரி. கட்டடங்களின் பரப்புக்கேற்ப வரி எவ்வளவு உயர வேண்டும் என்பதை மாநில அரசு ஏப்ரல் தொடக்கத்தில் அறிவித்துவிட்டிருந்தது. அதனை ஏற்கும் தீர்மானத்தை ரிப்பன் மாளிகையில் கூடிய இருநூறு வட்டங்களின் உறுப்பினர்கள் நிறைவேற்றினர்.